குதிரைத் தலையும் கலப்பையும்

மக்காச்சோளம் அறுத்த காட்டில் நடப்பது எனக்குப் புதிதில்லை. தாராபுரம் பக்கத்தில் பிறந்தவள் நான். அடித்தட்டை கால் செருப்பில் உரசுகிற சத்தம் தூக்கத்தில் கேட்டால்கூட இன்னதென்று சொல்லிவிடுவேன். ஆனால் போன நவம்பரில் நான் நடந்த காடு நியூஜெர்சியின் ஹண்டர்டன் மாவட்டத்தில் இருக்கிறது. கையில் மெட்டல் டிடெக்டர், காதில் ஹெட்போன், இடுப்பில் ஒரு சின்னக் கொத்து. மண் மட்டும் எங்கள் ஊர்ச் செம்மண் போலவே செக்கச் சிவந்திருந்தது. அந்தப் பக்கத்து மண்ணெல்லாம் சிவப்புக் களிப்பாறை பொடிந்து உண்டானது. மழைக்குப் பிறகு அதன் நிறத்தைப் பார்த்தால் இரண்டு நிமிடமாவது நின்றுவிடுவேன்.

அந்தப் பண்ணையின் சொந்தக்காரம்மாவுக்கு எண்பது வயதுக்கு மேல். சாலையோரம் அவர் போட்டிருக்கும் காய்கறிக் கடையில் மூன்று வருடமாகத் தக்காளி வாங்குகிறேன். அவருடைய கணவர் வீட்டார் நான்கு தலைமுறையாக அந்த நிலத்தை உழுதவர்கள். வீட்டின் பின்கட்டு அவர்களுக்கும் முந்தையது. 1700களின் கடைசியில் கட்டியது என்று வீட்டில் சொல்கிறார்கள். நிலத்தைக் கட்டிடக்காரர்களுக்கு விற்க முடியாது. மாநில அரசு 1983இல் கொண்டுவந்த விளைநிலப் பாதுகாப்புத் திட்டத்தில் அதைச் சேர்த்துவிட்டார்கள். வீடு கட்டும் உரிமையை அரசிடம் விற்றுவிட்டு, உழுகிற உரிமையைத் தாங்கள் வைத்துக்கொள்வது அந்தத் திட்டம். அதனால்தான் இன்னும் அங்கே சோளம் விளைகிறது.

தேடிப் பார்க்கட்டுமா என்று நான் கேட்டபோது அவர் உடனே சரி சொல்லவில்லை. ஒரு வாரம் யோசித்தார். பிறகு ஒரு தாளில் இருவரும் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். அறுப்பு முடிந்து அடுத்த விதைப்பு தொடங்கும் வரைதான் அனுமதி. தோண்டிய குழியை உடனே மூட வேண்டும். வீட்டு முற்றத்துப் புல்தரையில் கைவைக்கக் கூடாது. கிடைப்பது எதுவானாலும் முதலில் அவர் கையில் கொடுக்க வேண்டும், பொருள் நிலத்துக்காரருடையது.

அப்பாவிடம் போனில் சொன்னேன்.

“ஏன் அம்மிணி, அடுத்தவங்க காட்டுல போயி குழி பறிச்சா சும்மா உடுவாங்களா?”

“எழுதி வாங்கியிருக்கறனுங்கப்பா.”

“புதையல் எடுத்தா கவருமெண்டுக்குச் சொல்லோணுமே?”

அப்பா சொன்னது நம் நாட்டுச் சட்டம். 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் கிடைத்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதென்றால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். அமெரிக்காவில் தனியார் நிலத்துக்கு அப்படி நாடு முழுவதற்குமான ஒரு சட்டம் இல்லை. கூட்டரசுக்குச் சொந்தமான நிலத்தில்தான் கடுமையான தடை: 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறு வருடத்துக்கு மேற்பட்ட தொல்பொருளை அனுமதியின்றித் தோண்டினால் குற்றம். தனியார் காட்டில் நாம் எதை எப்படி எடுக்கிறோம் என்று கேட்க ஆளில்லை. அதனால் எனக்குப் பயம் கூடுதலாகத்தான் இருந்தது. கேட்க ஆளில்லாத இடத்தில் ஒன்றைக் கெடுத்தால் கெட்டது கெட்டதுதான்.

முன்பு ஒரு தடவை கெடுத்திருக்கிறேன். இந்தப் பழக்கம் தொடங்கிய வருடம், நண்பர் ஒருவரின் தோட்டத்தில் எனக்கு முதல் செப்புக்காசு கிடைத்தது. பச்சைக் களிம்பு ஏறி, எழுத்து மங்கலாகத் தெரிந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து, அம்மா செப்புக்குடம் துலக்குவதுபோலப் புளியைக் கரைத்துத் தேய்த்தேன். குடம் பளபளப்பது போலக் காசும் பளபளத்தது. அதோடு எழுத்தும் போய்விட்டது. நூற்றாண்டுக் கணக்கில் மண்ணில் கிடந்த காசின் மேல்தோல் செம்பாகவே இருப்பதில்லை, களிம்பாகவே மாறிவிடுகிறது. அந்தக் களிம்பின் மேல்தான் எழுத்தும் உருவமும் நிற்கின்றன. புளியின் அமிலம் களிம்பைக் கரைத்தால் எழுத்தும் சேர்ந்து கரைகிறது. இப்போது மண் ஒட்டிய காசை ஒரு டப்பாவில் பஞ்சின் மேல் வைப்பதோடு என் கை நின்றுவிடும். மற்றதைத் தெரிந்தவர்களிடம் விட்டுவிடுகிறேன்.

கருவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் சொல்லவந்த விஷயம் அதற்குள்ளும் இருக்கிறது. கம்பின் நுனியில் இருக்கும் தட்டுக்குள் இரண்டு கம்பிச் சுருள்கள். ஒன்று மாறிக்கொண்டே இருக்கும் ஒரு காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. அங்கே உலோகம் இருந்தால் அதற்குள் சின்னச் சின்ன மின்சுழல்கள் உண்டாகின்றன. அந்தச் சுழல்கள் தங்கள் பங்குக்கு ஒரு காந்தப்புலத்தைத் திருப்பி அனுப்புகின்றன. இரண்டாவது சுருள் அதைப் பிடிக்கிறது. போனது திரும்ப எவ்வளவு பிந்துகிறது என்பதை வைத்து, அது இரும்பா, செம்பா, வெள்ளியா என்று கருவி ஊகித்து ஒரு எண்ணும் ஒரு ஒலியும் தருகிறது. இரும்புக்குக் கரகரப்பான தாழ்ந்த ஒலி. பெரிய செப்புக்காசுக்கும் வெள்ளிக்கும் உயர்ந்த ஒலி. மண் ஈரமாக இருந்தால் நன்றாகக் கேட்கும். காசு அளவுள்ள பொருளுக்கு அரையடி, முக்கால் அடி ஆழம். அதற்கும் கீழே எதிர்பார்க்க வேண்டாம்.

இந்தக் கருவியின் மூதாதையை 1881இல் அலெக்சாண்டர் கிரகாம் பெல் செய்தார், காசு தேடுவதற்கல்ல. அந்த ஜூலை 2ஆம் தேதி வாஷிங்டன் ரயில் நிலையத்தில் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்டார்கள். உடம்புக்குள் குண்டு எங்கே இருக்கிறது என்று டாக்டர்களுக்குத் தெரியவில்லை. பெல் தன் கருவியோடு இரண்டு முறை வந்து தேடினார். படுக்கைக்குள் இருந்த இரும்புச் சுருள்கள் குழப்பின. தலைமை மருத்துவர் வலப்பக்கத்தை மட்டுமே தேடவிட்டார். குண்டு இடப்பக்கம் இருந்தது. செப்டம்பர் 19இல் கார்ஃபீல்டு இறந்துபோனார், இதே நியூஜெர்சியின் கடற்கரை ஊரான எல்பெரானில். எனக்கு அந்தக் கதை அடிக்கடி நினைவுக்கு வரும். கருவி சரியாகத்தான் இருந்தது. எங்கே தேடலாம் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டார்கள்.

நானும் அப்படித்தான் தொடங்கினேன். எல்லோரும் செய்வதுபோல இரும்பின் ஒலியை அணைத்து வைத்தேன். பழைய பண்ணையில் ஆணி மட்டுமே ஆயிரக்கணக்கில் கிடக்கும். ஒவ்வொன்றுக்கும் குனிந்தால் ஒரு நாளில் ஒரு படைச்சாலைக்கூட முடிக்க முடியாது. இரும்பை அணைத்துவிட்டால் காடு அமைதியாகிவிடும். நடுநடுவே செம்போ ஈயமோ கூப்பிடும்போது மட்டும் குனியலாம்.

முதல் மூன்று சனிக்கிழமைகளில் கிடைத்தவை: துப்பாக்கித் தோட்டாக்களின் பித்தளை அடிப்பாகம் கை நிறைய, குளிர்பான டப்பாவின் இழுவளையங்கள், குதிரைச் சேணத்தின் ஒரு வார்ப்பூட்டு, ஈயத்துண்டுகள், பதினோரு தட்டைப் பொத்தான்கள். பழைய பண்ணைகளில் காசைவிடப் பொத்தான்தான் அதிகம் கிடைக்கும். அதில் எனக்கு ஏமாற்றமே இல்லை. காசு கைதவறி விழுந்தால் தேடுவார்கள். பொத்தான் அறுந்து விழுவது களை வெட்டுகிறவருக்குத் தெரியவே தெரியாது. வேலை எங்கே நடந்தது என்பதைப் பொத்தான்தான் சொல்லும்.

நான்காவது சனிக்கிழமைக்கு முன் வீட்டில் உட்கார்ந்து படங்களைப் பார்த்தேன். ஹண்டர்டன் மாவட்டத்துக்கு 1873இல் பியர்ஸ் என்பவர் வெளியிட்ட நிலப்பட நூல் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு வீடும் ஒரு கரும்புள்ளி. பக்கத்தில் குடும்பத்தலைவரின் பெயர். அதோடு, 1930 வாக்கில் விமானத்திலிருந்து எடுத்த படங்களை மாநிலமே இணையத்தில் போட்டிருக்கிறது. அந்தப் படத்தில் சோளக்காட்டின் குறுக்கே ஒரு வெளிறிய கோடு தெரிந்தது. வீட்டின் பின்கட்டிலிருந்து கிளம்பி, கல்சுவரை ஒட்டி, ஓடைப் பக்கம் இறங்குகிறது. ஒரு வண்டித்தடம். இன்று தரையில் அதற்கு ஒரு அடையாளமும் இல்லை. டிராக்டர் வந்த பிறகு அதையும் சேர்த்து உழுதுவிட்டார்கள்.

மறுநாள் அந்தக் கோட்டின் மேல் நடந்தேன். தட்டை மண்ணோடு ஒட்டி, மெதுவாக, ஒரு வீச்சுக்கும் அடுத்த வீச்சுக்கும் பாதி மேல்படிய. ஓடைக்கு எண்பது அடி முன்னால், தெளிவான உயர்ந்த ஒலி. எந்தப் பக்கமிருந்து வீசினாலும் மாறாத எண். ஏழு அங்குலம் தோண்டியதும் சிவப்பு மண்ணுக்குள் ஒரு பச்சை விளிம்பு.

இன்றைய பத்து ரூபாய்க் காசைவிடச் சற்றுப் பெரிது. விரலால் தேய்க்கவில்லை. தண்ணீர்கூட விடவில்லை. சாய்வான வெயிலில் பிடித்துப் பார்த்தேன். முதலில் ஒரு குதிரையின் தலை தெரிந்தது, வலப்பக்கம் பார்த்தபடி. அதன் கீழே ஒரு கலப்பை. அதற்கும் கீழே 1787.

எத்தனையோ முறை புத்தகத்தில் பார்த்த காசு. ஆனாலும் உழுத காட்டுக்குள்ளிருந்து ஒரு கலப்பை உருவம் மேலே வரும்போது வயிற்றுக்குள் ஏதோ செய்கிறது. நான் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

இது எந்தக் காலம் என்று பாருங்கள். அமெரிக்கா விடுதலை பெற்றுவிட்டது. அரசியல் சட்டம் இன்னும் நடப்புக்கு வரவில்லை. நாட்டுக்கென்று ஒரு நாணயச்சாலை இல்லை. கையில் சில்லறை இல்லாமல் மக்கள் திண்டாடினார்கள். ஸ்பெயின் நாட்டு வெள்ளி, பிரிட்டிஷ் அரைப்பென்னி, அதன் கள்ளப்பதிப்புகள் எல்லாம் ஒரே பையில் புழங்கின. (ஸ்பானிய வெள்ளிக்காசு அமெரிக்காவில் 1857 வரை சட்டப்படி செல்லும்.) அதனால் 1786 ஜூன் 1இல் நியூஜெர்சி சட்டசபை வால்டர் மோல்ட், தாமஸ் கோட்ஸ்பி, ஆல்பியன் காக்ஸ் என்ற மூவருக்கு முப்பது லட்சம் செப்புக்காசு அடிக்க உரிமை கொடுத்தது. காசு ஒவ்வொன்றும் சுமார் 9.7 கிராம், பதினைந்து காசு ஒரு ஷில்லிங். அடித்ததில் பத்தில் ஒரு பங்கு அரசுக்கு. ராவேயில் ஒரு பட்டறை, மாரிஸ்டவுனில் ஒன்று, எலிசபெத்டவுனில் ஒன்று.

குதிரையைச் சுற்றி ‘நோவா சீசரியா’ என்று இருக்கும். நியூஜெர்சி என்பதற்கு லத்தீன். பின்பக்கத்தில் ஒரு கேடயம், சுற்றிலும் ‘இ ப்ளூரிபஸ் ஊனம்’: பலவற்றிலிருந்து ஒன்று. அந்த வாசகத்தை ஒன்றிய அரசின் காசுகள் ஏந்துவதற்குப் பல வருடம் முன்பே இந்த மாநிலக் காசு ஏந்திவிட்டது. பிறகு மாநிலங்கள் காசு அடிக்கக் கூடாது என்று அரசியல் சட்டம் சொல்லிவிட்டது. 1787 டிசம்பர் 18இல் நியூஜெர்சியே அதற்கு ஒப்புதல் கொடுத்தது. கலப்பைக் காசின் ஆயுள் அவ்வளவுதான்.

படத்தை அப்பாவுக்கு அனுப்பினேன். ராத்திரியே கூப்பிட்டார்.

“குதிரை செரி. கீழ இருக்கறது ஏரா?”

“ஆமாங்கப்பா.”

“மேழி ரெண்டு வச்சிருக்கறானே. நம்முளுது ஒத்தை மேழி.” கொஞ்ச நேரம் பார்த்திருக்க வேண்டும். “முன்னால கத்தியாட்டத் தொங்குதே, அதென்ன?”

கொழுவுக்கு முன்னால் புல்வேரை அறுத்துக்கொண்டு போகிற கத்தி அது. நம் நாட்டுக் கலப்பையில் கிடையாது. இதில் எனக்கு மெய்சிலிர்த்த விஷயம் ஒன்று உண்டு. 1786ஆம் வருடக் காசுகளில் சிலவற்றில் அந்தக் கத்தி இல்லை. நாணயவியல்காரர்கள் ‘கத்தியில்லாத கலப்பை’ என்றே அந்த வகையைத் தனியாகப் பிரிக்கிறார்கள். எட்வர்ட் மாரிஸ் என்ற மருத்துவர் இந்தக் காசுகளின் ஒவ்வொரு அச்சையும் பிரித்துப் பட்டியல் போட்டுப் புத்தகம் வெளியிட்டார், பெல் குண்டு தேடிய அதே 1881இல். இன்றும் சேகரிப்பாளர்கள் அவர் கொடுத்த எண்களைத்தான் சொல்கிறார்கள். அந்தப் புத்தகம் எதையும் பார்க்காத அப்பா, நாற்பது வருடம் ஏர் பிடித்த கண்ணால் ஒரு போன் படத்தில் நேராக அந்தக் கத்தியின் மேல் விரல் வைத்துவிட்டார்.

காசின் விலை என்ன என்றுதான் அலுவலகத்தில் எல்லோரும் கேட்டார்கள். என் மனம் அதில் இல்லை. அதைத் தொலைத்தது யார்? நிலப்படத்தில் உள்ள பெயர்களில் ஒருவர் என்று நினைத்துவிட்டால் வசதி. ஆனால் 1790 மக்கள்தொகைக் கணக்கில் நியூஜெர்சியில் 11,423 அடிமைகள். இந்த மாநிலம் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் போட்டது 1804இல். அதுவும் அந்த ஜூலை 4க்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்கு மட்டும். ஆண் 25 வயது வரை, பெண் 21 வயது வரை உழைத்த பிறகே விடுதலை. 1860 கணக்கிலும் 18 பேர் மீதமிருந்தார்கள். நிலப்படத்தில் பெயர் வராதவர்களும் அந்தத் தடத்தில் நடந்திருக்கிறார்கள். ஒரு செப்புக்காசின் அருமை அவர்களுக்குத்தான் அதிகம் தெரிந்திருக்கும். காசு அதைச் சொல்லாது. ஆனால் காசு கிடந்த இடமும் அதைச் சுற்றிக் கிடப்பவையும் கொஞ்சமாவது சொல்லும். அதனால்தான் ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு சின்னக் கொடி நட்டு, கல்சுவரின் மூலையிலிருந்து எத்தனை அடி என்று நாடாவால் அளந்து, நோட்டில் எழுதுகிறேன்.

இதை நான் கற்றுக்கொண்டது மான்மத் போர்க்களத்திலிருந்து. 1778 ஜூன் 28இல் கொளுத்தும் வெயிலில் வாஷிங்டனின் படையும் பிரிட்டிஷ் படையும் மோதிய இடம். இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணம். அங்கே டேனியல் சிவிலிச் என்பவரும் தன்னார்வலர்களும் பல வருடமாக டிடெக்டரால் தேடி, ஒவ்வொரு ஈயக்குண்டையும் கிடந்த இடத்தில் குறித்தார்கள். பிரிட்டிஷ் துப்பாக்கியின் குண்டு பெரிது, பிரெஞ்சுத் துப்பாக்கியின் குண்டு சற்றுச் சிறிது. நசுங்கிப்போன குண்டானாலும் எடையிலிருந்து அதன் பழைய விட்டத்தைக் கணக்கிட ஒரு வாய்பாட்டை அவர் உருவாக்கினார். படத்தில் புள்ளிகள் சேரச்சேர, எந்தப் படை எங்கே நின்றது, எந்தத் திசையில் சுட்டது என்பது வெளிவந்தது. அதே குண்டுகளை யாராவது ஒரு சாக்கில் அள்ளிக்கொண்டு போயிருந்தால் எடைக்குப் போட்ட ஈயம்தான்.

இங்கிலாந்தில் இன்னொன்று நடந்தது. 1992 நவம்பரில் சஃபோக்கின் ஹாக்சன் கிராமத்தில், விவசாயி ஒருவர் தொலைத்த சுத்தியலைத் தேடிக் கொடுக்க எரிக் லாஸ் என்பவர் டிடெக்டரோடு போனார். ரோமானியப் பொன்னும் வெள்ளியும் கிளம்பின. கொஞ்சம் எடுத்ததும் அவர் தோண்டுவதை நிறுத்தித் தகவல் சொன்னார். மறுநாளே தொல்லியலாளர்கள் வந்து, எது எதன் மேல் இருந்தது என்று பார்த்துப் பார்த்து எடுத்தார்கள். காசுகள் மட்டும் ஏறத்தாழ 15,000. அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, அவற்றை வைத்திருந்த மரப்பெட்டியின் எச்சமும் பூட்டும் கிடைத்ததுதான். பெட்டியை எப்படி அடுக்கியிருந்தார்கள் என்றே சொல்ல முடிந்தது. லாஸ் பெற்ற வெகுமதியை அந்த விவசாயியோடு பங்கிட்டுக்கொண்டார். தொலைந்த சுத்தியலும் இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அவர் கை நின்ற அந்த நொடியை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

காசைப் பண்ணை அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். எங்கே கிடைத்தது என்று கேட்டார். நோட்டைக் காட்டினேன். அது போதாது, இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். கைத்தடியோடு தாள் குத்தும் காட்டில் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். கொடி நட்ட இடத்தில் நின்று ஓடைப் பக்கமும் வீட்டுப் பக்கமும் மாறிமாறிப் பார்த்தார்.

“இங்கே ஒரு கேட் இருந்தது. நான் பார்த்ததில்லை. மாமனார் சொல்வார். மாடுகளை ஓடைக்கு ஓட்டும்போது இங்கே இறங்கித் திறந்துவிட்டு, ஓட்டிவிட்டு, மறுபடி இறங்கிச் சாத்த வேண்டுமாம். சின்ன வயதில் அவருக்கு அந்த வேலைதானாம்.”

அந்தக் கொடியைச் சுற்றி இருபது அடிக்குள் நான் ஏற்கெனவே மூன்று பொத்தான்கள் எடுத்திருந்தேன். நோட்டில் அவை தனித்தனி வரிகளாகத்தான் இருந்தன. வண்டியிலிருந்து இறங்குகிற இடம், ஏறுகிற இடம், குனிந்து தாழ்ப்பாள் போடுகிற இடம். பையிலிருந்து எதுவும் நழுவுகிற இடம் அதுதானே.

அவரைக் கல்சுவரின் மேல் உட்காரவைத்துவிட்டு, கருவியை எடுத்து, மூன்று வாரமாக அணைத்து வைத்திருந்த இரும்பின் ஒலியைத் திறந்துவிட்டேன். காடு முழுக்கக் கரகரத்தது. ஆணி, ஆணி, கம்பித் துண்டு. கொடிக்கு மேற்கே நாலடியில், தட்டின் அகலத்துக்கு நீண்ட ஒரு கனத்த ஒலி. ஓரடி தோண்ட வேண்டியிருந்தது. கொல்லன் அடித்த இரும்பு, ஒரு சாண் நீளம், முழங்கைபோல வளைந்து, ஒரு முனை மரத்தில் அறைவதற்குக் கூராகவும் மறுமுனை உருண்டையாகவும் இருந்தது. கேட்டைத் தூணில் தொங்கவிடும் முளை.

துருவைத் தட்டாமல் அப்படியே அவர் மடியில் வைத்தேன். காசைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் அந்த இரும்பை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இன்னொன்றும் இருக்க வேண்டும். ஒரு கேட்டுக்கு இரண்டு முளை இல்லாமல் முடியாது” என்றார்.

இருட்டுவதற்கு அரைமணி நேரம் இருந்தது. குழியை மூடிவிட்டு அதே இடத்திலிருந்து மறுபடி வீசத் தொடங்கினேன்.